அரசுத் தரவின் வரலாறு – 6: போபாலுக்குப் பின் எழுந்த பதிவேடு

அரசு திரட்டி வைத்திருக்கும் தகவலை எவரும் காரணம் சொல்லாமல் கேட்டுப் பெறலாம், கணினியில் ஏற்றிக் கணக்கிடத்தக்க வடிவில் அது கிடைக்க வேண்டும், பெற்றவர் அதைத் தாம் விரும்பியபடி பயன்படுத்தவும் வெளியிடவும் தடை இருக்கக் கூடாது என்னும் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறினால் அதைத் திறந்த அரசுத் தரவு என்று இன்று குறிப்பிடுகிறார்கள். இப்பெயர் இணையம் வீடுகளுக்குள் வந்த பிறகு, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பரவியது. ஆனால் அதன் உள்ளடக்கத்தில் பெரும்பகுதியை, இணைய உலாவி என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே, 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று ஒரே ஒரு துறைக்காக எழுதிவைத்துவிட்டது. ஆலைகள் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் கலக்கும் நச்சு வேதிப்பொருட்களின் அளவே அந்தத் துறை. அச்சட்டத்தின் கதை போபாலில் தொடங்குகிறது என்பதாலும், போபால் இருக்கும் நாட்டில் அத்தகைய பதிவேடு உருவாகவில்லை என்பதாலும், இத்தொடரின் ஒரு முழுப் பகுதியை அதற்கு ஒதுக்க வேண்டியிருக்கிறது.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் போபால் பூச்சிக்கொல்லி ஆலையில் 610 என எண்ணிடப்பட்ட தொட்டிக்குள் நீர் புகுந்து, அங்கிருந்த மெத்தில் ஐசோசயனேட் என்னும் திரவம் கொதித்தெழுந்து, சுமார் 40 டன் நச்சு வாயுவாக நகரத்தின் மீது பரவியது. ‘செவின்’ என்ற பெயரில் விற்கப்பட்ட பூச்சிமருந்தைத் தயாரிக்கும் வழியில் உண்டாகும் இடைநிலைப் பொருள் அது. தொட்டியைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டிய அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரமும் அன்றிரவு வேலை செய்யும் நிலையில் இல்லை. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த மரணங்கள் 3,787. பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என்று 2006இல் அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கூறுகிறது. உயிர் பிழைத்தோரின் அமைப்புகள் மரண எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு என்று இன்றுவரை வாதிட்டு வருகின்றன.

இந்தப் பேரழிவின் சட்டப் போராட்டத்தையும் இழப்பீட்டு வழக்கையும் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. தரவின் வரலாற்றுக்கு வேண்டியது அதன் மற்றொரு பக்கம், அதாவது அன்றிரவு யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது. ஆலைச் சுவரை ஒட்டிய குடியிருப்புகளில் இருந்தவர்களுக்கு உள்ளே எந்தப் பொருள், எவ்வளவு சேமிக்கப்பட்டிருந்தது என்பதோ, அது வெளிப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதோ சொல்லப்பட்டிருக்கவில்லை. ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகியிருந்தால் பலர் தப்பியிருக்கக்கூடும். அதை அறியாத மக்கள் வாயு சென்ற திசையிலேயே ஓடி, மூச்சிரைக்க அதை மேலும் உள்ளிழுத்தார்கள். ஹமீதியா மருத்துவமனையில் குவிந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கு நஞ்சின் தன்மை தெரியவில்லை. அது கண்ணை உறுத்தும் வாயு என்ற அளவிலேயே ஆலைத் தரப்பு அவர்களுக்கு முதலில் சொல்லியது. அதே வேளையில் எதுவுமே எவருக்கும் தெரியாதிருந்தது என்றும் சொல்வதற்கில்லை. 1982இல் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் குழு ஒன்று இந்த ஆலையைத் தணிக்கை செய்து குறைகளை எழுதிக் கொடுத்திருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி அதே ஆண்டில் தம் சிறிய இந்தி வார இதழில் ஆலையின் அபாயத்தை எச்சரித்து எழுதினார். அறிக்கை நிறுவனத்தின் கோப்பில் தங்கிவிட்டது. தனி மனிதர் ஒருவரின் எச்சரிக்கைக்கு ஆதாரமாக நிற்கக்கூடிய அரசு ஆவணம் எதுவும் பொதுமக்களின் கையில் இல்லை.

மெத்தில் ஐசோசயனேட்டைப் பெரும் அளவில் தயாரித்துச் சேமித்த யூனியன் கார்பைடின் மற்றோர் ஆலை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கனாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இருந்தது. போபால் செய்தி வந்த நாளிலிருந்து அந்த ஊர் மக்கள் கேட்ட கேள்விகளுக்கு, அமெரிக்க ஆலையில் அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று உறுதி கூறப்பட்டு வந்தது. 1985 ஆகஸ்ட் 11ஆம் நாள் அதே ஆலையிலிருந்து ஆல்டிகார்ப் ஆக்சைம் என்னும் வேறொரு நச்சுப்பொருள் கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாட நேர்ந்தது. உயிரிழப்பு இல்லை என்றாலும், அபாயம் ஏழை நாடுகளின் நிர்வாகக் குறைபாட்டால் மட்டும் விளைவது என்ற எண்ணத்துக்கு அன்றோடு இடமில்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் அறியும் உரிமைக்கான கோரிக்கை போபாலுக்கு முன்பே எழுந்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தாம் கையாளும் வேதிப்பொருளின் பெயரையாவது தெரிந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று 1970களில் தொழிற்சங்கங்கள் போராடியதன் விளைவாக, 1983இல் மத்திய அரசு தொழிலாளர்களுக்கான விதி ஒன்றை வெளியிட்டது. ஆலைக்கு வெளியே வாழ்பவருக்கும் அதே உரிமை உண்டு என்று முதலில் ஏற்றவை மாநிலங்களும் நகரங்களுமே. பிலடெல்ஃபியா நகரம் 1981இலும், நியூ ஜெர்சி மாநிலம் 1983இலும் அப்படிப்பட்ட சட்டங்களை இயற்றின. நியூ ஜெர்சியும் மேரிலாந்தும் நடத்திய ஆலைக் கணக்கெடுப்புகள்தாம் பின்னாளில் தேசியப் பதிவேட்டுக்கு முன்மாதிரியாக அமைந்தன. ஆகவே போபால் இல்லாமலே இச்சட்டம் என்றேனும் வந்திருக்கக்கூடும். ஆனால் 1986இல், இத்தனை வலுவோடு வந்திருக்காது என்பதில் ஐயமில்லை.

கைவிடப்பட்ட நச்சுக் கழிவுக் கிடங்குகளைத் துப்புரவு செய்ய 1980இல் கொண்டுவரப்பட்ட ‘சூப்பர்ஃபண்ட்’ என்னும் நிதிச் சட்டம் அப்போது புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அறியும் உரிமைப் பிரிவுகளை அதனோடு சேர்ப்பது என்று ஆதரவாளர்கள் முடிவு செய்தார்கள். எந்தெந்தப் பொருள் பதிவாக வேண்டும் என்பதில்தான் சண்டை மூண்டது. போபாலில் போல ஒரே இரவில் கொல்லும் பொருட்கள் மட்டும் போதும் என்றது வேதித்தொழில் தரப்பு. சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து, ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயையோ பிறவிக் குறைபாட்டையோ உண்டாக்கும் பொருட்களும் இடம்பெற வேண்டும் என்று பென்சில்வேனியாவின் பாப் எட்கரும் மினசோட்டாவின் ஜெர்ரி சிகோர்ஸ்கியும் பிரதிநிதிகள் அவையில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1985 டிசம்பரில் 212க்கு 211 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அத்திருத்தம் தப்பிப் பிழைத்தது. அந்த ஒரு வாக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால், பதிவேடு விபத்துக்கால ஏற்பாடாகச் சுருங்கி, ஆலை ஒழுங்காக இயங்கும் நாட்களில் புகைபோக்கி வழியே சட்டப்படி வெளியேறும் நஞ்சைப் பற்றி ஒரு வரிகூட அதில் இருந்திருக்காது. செனட் அவையில் நியூ ஜெர்சியின் ஃபிராங்க் லாட்டன்பர்க் இதற்காக உழைத்தார். 1986 அக்டோபர் 17ஆம் நாள் அதிபர் ரீகன் கையொப்பமிட, நெருக்கடித் திட்டமிடல் மற்றும் சமூக அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் முதற்பகுதி போபாலுக்கு நேரடி விடை. ஒவ்வொரு மாநிலத்திலும் நெருக்கடி ஆணையமும், வட்டாரந்தோறும் தீயணைப்பாளர், மருத்துவர், ஊடகத்தார், குடிமக்கள் அமர்ந்த திட்டக்குழுவும் அமைய வேண்டும், அபாயகரப் பொருளின் இருப்பை ஆலை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கசிவு நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றதோ 313ஆம் பிரிவு. உற்பத்தித் துறையில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேரத் தொழிலாளர்களைக் கொண்ட ஒவ்வோர் ஆலையும், பட்டியலிடப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட வேதிப்பொருட்களில் எதையேனும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தயாரித்தாலோ பயன்படுத்தினாலோ, முந்தைய ஆண்டில் அதில் எவ்வளவு காற்றில் போயிற்று, எவ்வளவு நீரில் கலந்தது, எவ்வளவு நிலத்தில் கொட்டப்பட்டது, எவ்வளவு வெளியிடங்களுக்கு அனுப்பப்பட்டது என்று பொருள்வாரியாக எழுதி, ஆண்டுதோறும் ஜூலை 1க்குள் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கும் மாநில அரசுக்கும் அனுப்ப வேண்டும். தயாரிப்புக்கான வரம்பு முதலாண்டில் 75,000 பவுண்டு, அதாவது சுமார் 34 டன். மூன்றாம் ஆண்டில் அது 25,000 பவுண்டாகக் குறைந்தது. வணிக இரகசியம் என்ற பெயரில் ஆலை மறைக்கக்கூடியது பொருளின் துல்லியமான பெயரை மட்டுமே. அதற்கும் காரணம் காட்ட வேண்டும், அளவை மறைக்க வழியே இல்லை.

இதே பிரிவின் ஓர் உட்பிரிவு, திரட்டிய தகவலை முகமை கணினித் தரவுத்தளமாகப் பராமரித்து, தொலைபேசி வழிக் கணினித் தொடர்பினாலும் பிற வழிகளாலும் எந்த மனிதருக்கும் அடக்கச் செலவில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. வீட்டுக் கணினி அரிதாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட இச்சொற்கள் வியப்புக்குரியவை. அதற்கு முன் அரசு அலுவலகங்களில் இருந்த ஆவணங்களைக் காண வேண்டுமானால், எந்த ஆவணம் என்று தெரிந்து, விண்ணப்பித்து, காத்திருந்து, தாளாகப் பெற வேண்டும்; பத்தாயிரம் ஆலைகளின் தாள்களைப் பெற்றாலும் அவற்றை ஒப்பிட ஓர் அலுவலகமே தேவைப்படும். தகவலைக் கேட்பவருக்குக் கொடுப்பது ஒன்று, கேட்கும் முன்பே கூட்டிக் கழித்து வரிசைப்படுத்தத்தக்க நிலையில் வெளியில் வைப்பது வேறொன்று. பின்வந்த திறந்த தரவுக் கொள்கைகள் எல்லாம் இரண்டாவதைத்தான் நாடின, அதைச் சட்டக் கடமையாக முதலில் ஆக்கியது இந்த உட்பிரிவே. தேசிய மருத்துவ நூலகத்தின் கணினி அமைப்பில் தரவு ஏற்றப்பட்டது. கணினி இல்லாதோருக்காக நுண்படத் தகடுகளாக ஊர் நூலகங்களுக்கும் அனுப்பப்பட்டது. நச்சு வெளியேற்றப் பதிவேடு என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

எந்த ஆலையும் இவ்வளவுக்கு மேல் வெளியேற்றக் கூடாது என்று 313ஆம் பிரிவு எங்கும் சொல்லவில்லை. தண்டனை, படிவத்தை அனுப்பாததற்கும் பொய்யாக எழுதியதற்கும் மட்டுமே. அதனால் இச்சட்டம் வெறும் காகித வேலை என்று தொழில் தரப்பில் பலர் குறைகூறினார்கள். முதல் படிவங்களுக்குரிய கடைசி நாளான 1988 ஜூலை 1க்கு முந்திய நாள், மான்சாண்டோ நிறுவனத்தின் தலைவர் ரிச்சர்ட் மஹோனி, உலகெங்கும் உள்ள தம் ஆலைகளிலிருந்து காற்றில் கலக்கும் நச்சுப்பொருட்களை 1992 முடிவுக்குள் 90 விழுக்காடு குறைக்கப் போவதாக அறிவித்தார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆலைவாரியாகத் தனித்தனிக் கோப்புகளில் கிடந்த எண்கள் முதன்முறையாகக் கூட்டப்பட்டபோது வந்த மொத்தத்தையும், அது விரைவில் எல்லோர் கண்ணிலும் படப்போவதையும் நிர்வாகம் ஒருசேரக் கண்டதே காரணம். பதிவேடு வெளியானால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதே பேச்சாக இருந்த வேளையில், மக்கள் எதுவும் செய்யும் முன்னரே அது தன் முதல் விளைவைக் காட்டிவிட்டது.

1989இல் முதல் ஆண்டுத் தரவு வெளியானபோது, காற்றில் மட்டும் 200 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட நச்சுப்பொருள் ஓராண்டில் விடப்பட்டிருந்தது தெரிந்தது. சட்டத்தை இயற்றியவர்களே இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. ‘யுஎஸ்ஏ டுடே’ நாளிதழ் மாவட்டவாரியாகப் பகுத்து எழுதியது. தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு மிக அதிகமாக வெளியேற்றும் 500 ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. செய்தி வெளியான நாளில், பதிவேட்டில் இடம்பெற்ற பங்குச்சந்தை நிறுவனங்கள் சராசரியாக 41 லட்சம் டாலர் பங்கு மதிப்பை இழந்ததாகப் பொருளியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1995இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார். பங்கு விலை அதிகம் சரிந்த நிறுவனங்களே அடுத்த ஆண்டுகளில் தம் வெளியேற்றத்தை அதிகம் குறைத்தன என்று கோனார், கோஹன் ஆகிய இருவரின் ஆய்வு 1997இல் காட்டியது.

இந்த எண்களை ஊர்கள் பயன்படுத்திய விதம் பங்குச்சந்தையைவிட ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மினசோட்டாவின் நார்த்ஃபீல்டு என்ற சிறு நகரில், மின்சுற்றுப் பொருட்கள் செய்யும் ஆலை ஒன்று மெத்திலீன் குளோரைடு என்னும், புற்றுநோய் ஐயத்துக்குரிய கரைப்பானைப் பெரும் அளவில் காற்றில் விடுவது பதிவேட்டால் தெரியவந்தது. ஆலையில் வேலை செய்தவர்களும் அதன் அண்டையில் வசித்தவர்களும் ஒன்றுகூடிக் கேள்வி எழுப்பினார்கள். வேலை போய்விடும் என்ற அச்சத்தைக் காட்டி இரு தரப்பையும் பிரிக்கும் வழக்கமான வழி அங்கே பலிக்கவில்லை. தொழிற்சங்கம் தன் ஊதியப் பேச்சிலேயே இதைச் சேர்த்தது, நிர்வாகம் வெளியேற்றத்தைக் கணிசமாகக் குறைக்க உடன்பட்டது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவில் ஐபிஎம் ஆலை, ஓசோன் படலத்தை அரிக்கும் சிஎஃப்சி-113 என்னும் பொருளை அம்மாநிலத்திலேயே மிக அதிகமாக வெளியேற்றியது தெரிந்ததும், சிலிக்கான் பள்ளத்தாக்கு நச்சு எதிர்ப்புக் கூட்டமைப்பு மக்களைத் திரட்டியது; சில ஆண்டுகளில் அப்பொருளைக் கைவிட நிறுவனம் முன்வந்தது. புகையற்ற தூய தொழில் என்று கருதப்பட்ட மின்னணுத் துறைக்கு அது பெரிய பாடம்.

அரசு தரவை வெளியிட்டதோடு எல்லாம் கைகூடிவிடவில்லை. மருத்துவ நூலகத்தின் அமைப்பைப் பயன்படுத்தப் பயிற்சியும் மணிக்கணக்கில் கட்டணமும் தேவைப்பட்டன. ஓஎம்பி வாட்ச் என்னும் அரசு சாரா அமைப்பும் யூனிசன் நிறுவனமும் சேர்ந்து 1989இல் ‘அறியும் உரிமை வலையமைப்பு’ ஒன்றை நிறுவி, தொலைபேசி இணைப்பு உள்ள எவரும் எளிதில் தேடத்தக்கதாகத் தரவை மாற்றிக்கொடுத்தன. 1998இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்னும் அமைப்பு ‘ஸ்கோர்கார்டு’ என்ற தளத்தைத் தொடங்கி, அஞ்சல் குறியீட்டை இட்டால் சுற்றுவட்டாரத்து ஆலைகளும் அவற்றின் நஞ்சும் வரிசையாகத் தோன்றும்படி செய்தது. இந்த இடைத்தரகுப் பணி இல்லாவிட்டால், சட்டத்தின் கட்டளையும் பல அரசு அறிக்கைகளைப் போல் நூலக அலமாரியில் முடிந்திருக்கும்.

1991இல் முகமை 17 மிகக் கொடிய பொருட்களைத் தேர்ந்து, அவற்றின் வெளியேற்றத்தை 1992க்குள் 33 விழுக்காடும் 1995க்குள் 50 விழுக்காடும் தாமாகக் குறைக்கும்படி நிறுவனங்களை அழைத்தது. சுமார் 1,300 நிறுவனங்கள் இசைந்தன, இலக்கு ஓராண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. தொடக்கத்தில் பட்டியலிலிருந்த பொருட்களின் மொத்த வெளியேற்றம் பத்தாண்டுகளில் கிட்டத்தட்டப் பாதியானதாகப் பதிவேடு சொல்கிறது. இந்த வீழ்ச்சியை முழுவதும் பதிவேட்டின் சாதனையாகக் கொள்ள முடியாது. அதே காலத்தில் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. சில ஆலைகள் மூடப்பட்டன. சில ஆலைகள் கணக்கிடும் முறையை மாற்றியே எண்ணைக் குறைத்துக்காட்டின.

இங்கேதான் பதிவேட்டின் அடிப்படைக் குறை தென்படுகிறது. எண்களை எழுதுபவர் ஆலை நிர்வாகமே. அளந்து எழுத வேண்டும் என்றுகூடச் சட்டம் வற்புறுத்தவில்லை, நியாயமான மதிப்பீடு போதும். 2006இல் ஸ்காட் டி மார்ச்சியும் ஹாமில்டனும் இந்த எண்களைப் பென்ஃபோர்டு விதி கொண்டு சோதித்தார்கள். இயல்பாகத் திரளும் எண்களில் முதல் இலக்கமாக 1 சுமார் 30 விழுக்காடும் 9 ஐந்து விழுக்காட்டுக்குக் குறைவாகவும் வரும் என்பது அவ்விதி. புனைந்து எழுதும் எண்களில் இந்த ஒழுங்கு கெட்டுவிடும் என்பதால் கணக்குத் தணிக்கையாளர்களும் அதைப் பயன்படுத்துவதுண்டு. ஈயம், நைட்ரிக் அமிலம் ஆகிய இரண்டின் கணக்குகளும் அதற்குப் பொருந்தவில்லை. 2000ஆம் ஆண்டில் டெக்சாஸின் ஹூஸ்டன் பகுதிக்கு மேல் பறந்த ஆய்வு விமானங்கள், எத்திலீன் முதலிய வாயுக்கள் ஆலைகள் அரசுக்குத் தெரிவித்திருந்ததைவிடப் பல மடங்கு காற்றில் இருப்பதை அளந்தறிந்தன. மதிப்பீட்டை அளவீட்டால் சரிபார்க்கும் கடமை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2015இல்தான் வந்தது. வேலி எல்லையில் பென்சீனை அளக்க வேண்டும், அளந்ததைப் பொதுவில் வைக்க வேண்டும் என்னும் விதி அது.

எடையைக் கொண்டு ஆபத்தை அறிய முடியாது என்பது மற்றொரு குறை. முதல் ஆண்டுப் பட்டியலில் எடையால் முன்னணியில் நின்றது சோடியம் சல்ஃபேட்; அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு என்பதால் விரைவில் நீக்கப்பட்டது. மாறாக, பாதரசம், டையாக்சின் போன்றவை சிறு அளவிலும் கொடியவை. உடலிலும் மண்ணிலும் தங்கிப் பெருகும் இத்தகைய பொருட்களுக்கு வரம்பு பிற்காலத்தில்தான் வெகுவாகக் குறைக்கப்பட்டது. உலோகச் சுரங்கங்களும் நிலக்கரி மின்நிலையங்களும் 1998ஆம் ஆண்டுக் கணக்கு முதலே சேர்க்கப்பட்டன. சேர்ந்த முதல் ஆண்டிலேயே சுரங்கத் துறை பட்டியலின் தலைக்கு வந்தது. பதிவேட்டைச் சுருக்கும் முயற்சியும் நடந்தது. சிறிய அளவுகளுக்கு விரிவான படிவம் வேண்டாம் என்று 2006 டிசம்பரில் முகமை விதியைத் தளர்த்தியது. மாநிலங்களும் மக்கள் அமைப்புகளும் எதிர்த்து நிற்க, 2009இல் நாடாளுமன்றம் பழைய விதியை மீட்டது. ஒருமுறை திறந்த தரவு தானே திறந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது என்பதற்கு இந்த இடைப்பட்ட ஆண்டுகள் சான்று.

பிற நாடுகளுக்கு இக்கருத்து வேகமாகப் பரவியது. 1992 ரியோ மாநாட்டின் செயல்திட்டம் இத்தகைய பதிவேடுகளைப் பரிந்துரைத்தது. கனடா 1993ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தன் பதிவேட்டைத் தொடங்கியது. ஜப்பான் 1999இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பாவில் 1998இன் ஆர்ஹுஸ் உடன்படிக்கையைத் தொடர்ந்து 2003இல் கீவ் நகரில் உருவான நெறிமுறை, பதிவேட்டைச் சர்வதேசச் சட்டக் கடமையாக ஆக்கி 2009இல் நடப்புக்கு வந்தது. இந்தோனேசியா 1995இல் எளிய வழி ஒன்றைக் கண்டது. எண்களைத் தராமல், ஆலைகளைத் தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஐந்து நிறங்களால் தரம்பிரித்து அறிவித்தது. சீனாவில் மா ஜுன் 2006இல் நிறுவிய அமைப்பு, அரசு அலுவலகங்கள் சிதறலாக வெளியிட்ட விதிமீறல் பதிவுகளை ஒரே வரைபடத்தில் கோத்துக்கொடுத்தது.

இந்தியாவும் போபாலுக்குப் பின் சும்மா இருக்கவில்லை. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகர ஆலைகள் தம் அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டாரத்துப் பொதுமக்களுக்கும் வெளிப்படுத்த வேண்டும் என்ற 41-பி பிரிவு சேர்க்கப்பட்டது. 1989, 1996 விதிகள் பேரிடர்த் திட்டத்தையும் மாவட்ட நெருக்கடிக் குழுக்களையும் கொண்டுவந்தன. அமெரிக்கச் சட்டத்தின் முதற்பகுதிக்கு இணையானவை இவை. 313ஆம் பிரிவுக்கு இணையான ஒன்றும் பாதிவரை வந்தது என்பது பலர் அறியாதது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்று இயங்கும் ஒவ்வோர் ஆலையும், தான் நுகர்ந்த நீரையும் மூலப்பொருளையும், வெளியேற்றிய மாசையும், உண்டாக்கிய அபாயகரக் கழிவையும் படிவம் 5 என்னும் சுற்றுச்சூழல் அறிக்கையில் எழுதி, ஆண்டுதோறும் செப்டம்பர் 30க்குள் வாரியத்திடம் தர வேண்டும் என்ற விதி 1990களின் தொடக்கத்திலிருந்து உள்ளது. இசைவு ஆணையில் குறிப்பிட்ட மாசுகளை மட்டுமே அது கேட்கிறது, நச்சுப்பொருள் ஒவ்வொன்றையும் கேட்பதில்லை என்ற குறை அதற்கு உண்டு. அதைவிடப் பெரிய குறை, அந்த அறிக்கைகளைக் கூட்டித் தரவுத்தளமாக்கி எல்லோர் முன்னும் வைக்கும் கடமை யாருக்கும் விதிக்கப்படாதது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை அறிவிக்கப்பட்டு அரசுத் தரவுத்தளம் திறக்கப்பட்ட பிறகும், தேசிய அளவில் ஆலைவாரியான நச்சு வெளியேற்றப் பதிவேடு உருவாகவில்லை. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைப் பெரும் மாசு ஆலைகளுக்குத் தொடர் அளவீட்டுக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. மதிப்பீட்டை நம்பிய அமெரிக்கப் பதிவேட்டைவிட இது ஒரு படி மேலான தொழில்நுட்பம். ஆனால் அக்கருவிகளின் பழைய பதிவுகளை ஒரு சாதாரண மனிதர் முழுமையாக இறக்கி ஒப்பிட்டுப் பார்க்க வசதி இல்லை.

வெற்றிடத்தை நிரப்ப மக்களே முயன்ற இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் எந்நேரமும் வீசிய வேதிப்பொருள் நெடிக்கு ஆதாரம் கேட்கப்பட்டபோது, அவ்வூர் மக்கள் 2004இல் வாளி முறையைக் கற்றுக்கொண்டார்கள். மூடிய பிளாஸ்டிக் வாளிக்குள் பை ஒன்றை வைத்து, காற்றை அதில் உறிஞ்சி, ஆய்வகத்துக்கு அனுப்பும் இம்முறை 1990களில் கலிஃபோர்னியாவின் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய ஊர்களில் உருவானது. நாற்றம் எடுத்த நேரம், காற்றின் திசை, அருகிலிருந்த ஆலை ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைத்து, பல நச்சு வாயுக்கள் தம் காற்றில் இருப்பதை அவர்கள் நிறுவினார்கள். அரசு செய்ய வேண்டிய அளவீட்டைத் தம் கையால் செய்த அந்த மக்களின் உழைப்பு இவ்வரலாற்றில் நார்த்ஃபீல்டு தொழிலாளர்களின் உழைப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. 2020 மே 7 விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு பரவியபோதும், 2023 டிசம்பரில் எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோதும், இரவில் வீட்டைவிட்டு ஓடியவர்களுக்கு எந்த வாயு, எவ்வளவு என்பது முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை.

படிவம் 5 அறிக்கைகளை ஆலைவாரியாகக் கணினியில் ஏற்றி வெளியிட வாரியங்களுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. அறிக்கைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அது நடக்கும்வரை, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. வணிக இரகசியம் என்ற விலக்கு அதில் இருந்தாலும், பொதுநலன் பெரிதானால் அந்த விலக்கு செல்லாது என்று அதே பிரிவு சொல்கிறது. தம் ஊரின் ஆலை சென்ற ஆண்டு அளித்த படிவம் 5இன் நகலை, 10 ரூபாய் கட்டணத்துடன் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து இந்தியக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் அவர் பதில் அளித்தாக வேண்டும். ஆலைக்கு அருகில் வாழும் வாசகர்கள் அதைக் கேட்டுப் பெற்று, ஊர் நூலகத்தில் ஒரு பிரதியை வைக்க வேண்டும்.

(தொடரும்)